ஊருக்கு வந்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ். கலவையில் செய்த தப்பு

மதுரைக்கு வந்த மூன்றாம் நாளே ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடியை நீரில் கலந்த கரைசல்) கொடுத்தும் தாகம் அடங்காமல் அழுதது. 1 லிட்டர் பாக்கெட்டை ஒரு சொம்புத் தண்ணீரில் கொட்டியிருந்தோம். உப்பு கூடிவிட்டது, அது ஆபத்து.

சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு, பெரியது 1 லிட்டருக்கு. எதற்கும் உறையைப் படியுங்கள். கொதித்து ஆறிய நீரை அளந்து ஊற்றி, முழுப் பாக்கெட்டையும் கலக்கினோம். ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டியால். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, மெதுவாக. 24 மணி நேரம் தாண்டிய மிச்சத்தைக் கீழே கொட்டினோம்.

இது போக்கை நிறுத்தாது, இழந்த நீரை ஈடுகட்டும். நின்ற பிறகும் டாக்டர் எழுதிய ஜிங்க் சிரப்பை 14 நாள் முடித்தோம். குழைந்த சாதம் தொடர்ந்தது. அட்டைப்பெட்டி ஜூஸ் கூடாது, சர்க்கரை போக்கைக் கூட்டும். ஐஸ் போட்ட ஜிகர்தண்டாவும்தான், அப்பத்தா கெஞ்சினாலும்! கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.