சோப் சர்வீஸில் கஸ்டம் எக்ஸப்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வங்கி, இன்சூரன்ஸ் ப்ராஜெக்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், இரண்டு மென்பொருள்கள் எக்ஸ்எம்எல் மெசேஜ் வழியாகப் பேசிக்கொள்ளும் பழைய முறையான சோப் (SOAP) இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கோவையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பெங்களூருக்கு வரும் பிள்ளைகள் அதற்குப் பின் பரவிய எளிய முறையான ரெஸ்ட் (REST) மட்டுமே பார்த்திருப்பார்கள். அவர்கள் கையில் பழைய ஜாவா சர்வீஸ் ஒன்றைக் கொடுத்துவிடுகிறோம். கஸ்டம் எக்ஸப்ஷன், அதாவது நாமே எழுதும் பிழை கிளாஸ், விஷயத்தில் எங்கள் செட் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். நல் (null) செக் விட்டுப்போனது, கேட்ச் பிளாக்கைக் காலியாக விட்டது போன்றவை இங்கே வேண்டாம். கோடு ரிவ்யூவிலேயே அவை மாட்டிவிடும்.

ரன்டைம் எக்ஸப்ஷனிலிருந்து எக்ஸ்டெண்ட் செய்வது

"அண்ணா, சர்வர்ல பாலிசி எக்ஸப்ஷன் சரியாத்தான் த்ரோ பண்றேன். கிளையன்ட்ல அந்த கேட்ச் பக்கமே வர மாட்டேங்குது." டீமில் சேரும் ஒவ்வொருவரும் ஒரு நாள் இதைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். கிளாஸைத் திறந்தால் முதல் வரியிலேயே பதில் இருக்கும்: எக்ஸ்டெண்ட்ஸ் ரன்டைம்எக்ஸப்ஷன். கட்டாயம் கையாளு என்று கம்பைலர் கேட்காத வகை இது; கேட்கும் வகைக்குப் பெயர் செக்டு.

ஜாவாவில் சோப் சர்வீஸ் எழுதுவதற்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (JAX-WS) விதிப்படி, மெத்தடின் த்ரோஸில் அறிவித்த செக்டு எக்ஸப்ஷன் மட்டும்தான் சர்வீஸின் விவரக் கோப்பான டபிள்யூஎஸ்டிஎல்லில் (WSDL) ஃபால்ட்டாக, அதாவது சோப்பின் பிழைப் பதிலாக, ஏறும். ரன்டைம் வகையை த்ரோஸில் எழுதினாலும் ஏறாது. டபிள்யூஎஸ்டிஎல்லில் இல்லாததற்கு கிளையன்ட் பக்கம் கிளாஸும் உருவாகாது. அங்கே போய்ச் சேருவது பொதுவான சோப்ஃபால்ட்எக்ஸப்ஷன், அதற்குள் ஃபால்ட்ஸ்ட்ரிங் என்ற பிழை வாசகம் ஒன்று, அவ்வளவுதான்.

கேட்ச் வேலை செய்யாததோடு போனால் பரவாயில்லை. நான் பார்த்த ஒரு பிரீமியம் வசூல் சர்வீஸில், கோர் சிஸ்டத்தில் பணம் வரவு வைத்து முடிந்த பிறகு ஏஜென்ட் கோடைச் சரிபார்த்தார்கள். கோடு தவறாக இருந்தால் ரன்டைம் எக்ஸப்ஷன். கிளையன்ட்டுக்குப் போன ஃபால்ட்கோடு, அதாவது தவறு யார் பக்கம் என்று சொல்லும் குறி, சர்வர். அங்கே இருந்த ரீட்ரை க்யூ அதே மெசேஜைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. ஒவ்வொரு தடவையும் பிரீமியம் புதிதாக வரவானது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டில் சேலம் பஸ்ஸுக்கு நிற்க வேண்டிய பையன், அந்த சனி ஞாயிறு முழுக்க ரிவர்சல் எண்ட்ரி போட்டுக்கொண்டிருந்தான்.

கூட்டத்தில் எல்லோரும் ரீட்ரை எழுதிய டீமைத் திட்டினார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அவர்கள் செய்தது சரி. 2000-இல் வெளியான சோப் 1.1 குறிப்பு தெளிவாகவே சொல்கிறது: சர்வர் என்றால் அதே மெசேஜ் பிறகு வெற்றி பெறலாம், கிளையன்ட் என்றால் மாற்றாமல் மறுபடி அனுப்பக் கூடாது. பிறகு முயன்று பார் என்று நாமே சொல்லிவிட்டு, ஏன் முயன்றாய் என்று எப்படிக் கேட்க முடியும்?

சரி, செக்டாக மாற்றினால் தீர்ந்துவிடுமா? முழுதாக இல்லை. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸைச் செயல்படுத்தும் மெட்ரோ லைப்ரரியில் செக்டு எக்ஸப்ஷனுக்கும் ஃபால்ட்கோடு வழக்கமாக சர்வர் என்றுதான் போகும். வித்தியாசம், நம் எக்ஸப்ஷனின் விவரம் போகும் டீட்டெயில் பகுதியில் இருக்கிறது. அதனால் கிளையன்ட் நம் எக்ஸப்ஷனைத் தனியாகப் பிடித்து, அந்தப் பாதையில் ரீட்ரை இல்லாமல் எழுத வேண்டும். சோப்ஃபால்ட்எக்ஸப்ஷனைப் பொதுவாகப் பிடிக்கும் இடத்தில் மட்டும் ரீட்ரை இருக்கட்டும். ஃபால்ட்கோடே கிளையன்ட் என்று போக வேண்டுமானால், சோப்ஃபால்ட்டை நாமே உருவாக்கி சோப்ஃபால்ட்எக்ஸப்ஷனாக எறிய வேண்டும்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஜாவா ஃப்ரேம்வொர்க்குகளான ஸ்ப்ரிங்கின் டிரான்ஸாக்ஷனலும் இஜேபியும் (EJB) ரன்டைம் எக்ஸப்ஷனுக்குத் தானாக ரோல்பேக் செய்யும், அதாவது டேட்டாபேஸ் மாற்றத்தைத் திரும்பப் பெறும்; செக்டுக்குச் செய்யாது. வகையை மாற்றிய அன்றே ஸ்ப்ரிங்கில் ரோல்பேக்ஃபார், இஜேபியில் அப்ளிகேஷன்எக்ஸப்ஷன் அன்னோட்டேஷனில் ரோல்பேக் ட்ரூ என்று போடுங்கள். இல்லையென்றால் ஃபால்ட் ஒழுங்காகப் போகும், டேட்டாபேஸில் பாதி வேலை தங்கிவிடும். ரன்டைம் எக்ஸப்ஷன்தான் நவீன வழக்கம் என்று ரிவ்யூவில் வாதிடுகிறார்கள். சர்வீஸின் உள்ளே அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெளிவாசலில் மட்டும் செக்டாக மாற்றி அனுப்புங்கள்.

வெப்ஃபால்ட்டைப் பாதியில் விடுவது

எக்ஸப்ஷன் கிளாஸ் மேல் போடும் வெப்ஃபால்ட் (WebFault) அன்னோட்டேஷன் மட்டும் போதாது. மெசேஜும் ஃபால்ட் பீனும் (பிழை விவரம் தாங்கும் கிளாஸ்) வாங்கும் கன்ஸ்ட்ரக்டர், அதோடு காரணத்தையும் வாங்கும் இன்னொன்று, அப்புறம் கெட்ஃபால்ட்இன்ஃபோ மெத்தட், மூன்றும் வேண்டும். இந்த வடிவம் இல்லாவிட்டால் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் உங்கள் எக்ஸப்ஷனில் இருக்கும் கெட்டர்களை வைத்துத் தானே ஒரு பீன் கட்டிக்கொள்ளும். உள்ளே மட்டும் பயன்பட வேண்டும் என்று எழுதிய கெட்டரின் மதிப்பும் எக்ஸ்எம்எல்லில் வெளியே போய்விடும்.

நேம்ஸ்பேஸ் கடைசியில் ஒரு சாய்கோடு

டீட்டெயிலுக்குள் இருக்கும் எலிமென்டின் பெயரும் நேம்ஸ்பேஸும் (அந்தப் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரி) டபிள்யூஎஸ்டிஎல்லில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடியோ குறைந்தோ பொருந்தாவிட்டால் மேலே சொன்ன அதே அறிகுறி, பொதுவான சோப்ஃபால்ட்எக்ஸப்ஷன். டீபக்கரைத் தொடும் முன் சோப் சோதனைக் கருவியான சோப்யூஐயில் ரெஸ்பான்ஸைப் பச்சையாகப் பாருங்கள். டீட்டெயிலே வரவில்லை என்றால் சர்வர் பக்கம் தேடுங்கள். வந்தும் கிளையன்ட் பிடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் நேம்ஸ்பேஸ் மேல், அடுத்தது பழைய டபிள்யூஎஸ்டிஎல்லிலிருந்து உருவாக்கிய ஸ்டப் (கிளையன்ட் பக்கக் கோடு) மேல்.

ஃபால்ட்டை 200-இல் அனுப்புவது

எச்டிடிபியில் 200 என்றால் வெற்றி, 500 என்றால் சர்வர் பிழை. சோப் 1.1-இல் ஃபால்ட் என்றால் 500தான். கேட்வே அதை எச்டிஎம்எல் பக்கமாக மாற்றுகிறது என்றால் கேட்வேயைச் சரிசெய்யுங்கள்.

ஃபால்ட்ஸ்ட்ரிங்கின் வாசகத்தை வைத்து இஃப் போடுவது

வேண்டாம். யாராவது ஒருநாள் எழுத்துப்பிழையைத் திருத்துவார்கள், அன்றைக்கு உங்கள் இஃப் செத்துவிடும். பிழை எண்ணை டீட்டெயிலில் வையுங்கள்.

ஸ்டாக் ட்ரேஸ்

பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற இந்தப் பட்டியல் வெளியே போகக் கூடாது. இன்னொரு சோப் லைப்ரரியான சிஎக்ஸ்எஃப்பில் (CXF) அதைக் காட்டும் செட்டிங் டெஸ்டில் மட்டும்.

ஜாவாஎக்ஸும் ஜகார்த்தாவும் கலப்பது

2018-இல் வந்த ஜாவா 11 ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸை ஜாவாவின் டெவலப்பர் தொகுப்பான ஜேடிகேயிலிருந்து எடுத்துவிட்டது. ஜாவாஎக்ஸ் (javax) என்ற பேக்கேஜ் பெயரும் பிறகு ஜகார்த்தா (jakarta) ஆனது. தனி டிபெண்டன்சியாகச் சேர்க்கும்போது ரன்டைம் லைப்ரரி ஜகார்த்தாவாகவும், உங்கள் வெப்ஃபால்ட் இம்போர்ட் பழைய ஜாவாஎக்ஸாகவும் இருந்தால் கம்பைலர் எதுவும் சொல்லாது. ரன்டைம் அந்த அன்னோட்டேஷனைக் கண்டுகொள்ளாமல் தன் இஷ்டப்படி எலிமென்ட் பெயர் வைக்கும். மைக்ரேஷன் முடிந்த மறுநாள் கேட்ச் பிளாக் வேலை செய்யவில்லை என்று யாராவது வந்தால், நான் முதலில் பார்ப்பது இம்போர்ட் வரியைத்தான்.