பீரோவைத் திறந்தால் கொட்டுகிற காகிதங்களை என்ன செய்வது?

போன வருஷம் மிக்சி மோட்டார் புகைந்தது. வாரண்டி இருக்கிறதே என்று பில்லைத் தேட ஆரம்பித்து, இரண்டு நாள் கழித்துப் பூஜை அலமாரியில் பழைய பஞ்சாங்கத்துக்கு நடுவில் கண்டுபிடித்தேன். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள், ஒரு எழுத்து இல்லை.

கடைகளில் தருகிற வழவழப்பான பில்லில் மை கிடையாது. அது சூடு பட்டால் கருக்கிற தாள். நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கருப்பாகக் கோடு விழும். வெயில், சூடு, பிளாஸ்டிக் உறை எல்லாமே அதற்கு எதிரி, அதனால் பத்திரமாக இருக்கட்டும் என்று உறைக்குள் போட்டு வைக்கிற பில்தான் பல நேரம் சீக்கிரம் வெளுக்கும். வாங்கின அன்றே ஒரு போட்டோ, விலை கூடின பொருள் என்றால் ஒரு ஜெராக்ஸ். இதை மட்டும் இன்றைக்கே தொடங்கிவிடலாம்.

மற்றதுக்கு ஒரு சனிக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். டப்பா, கலர் கலர் ஃபைல் எதுவும் முன்கூட்டியே வாங்க வேண்டாம், வாங்கினால் அதுவும் அந்தக் குப்பையோடு சேரும். ஃபேனை நிறுத்திவிட்டு, வீட்டில் இருக்கிற காகிதம் முழுவதையும் தரையில் கொட்டுங்கள். பத்திரம், பட்டா, பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், எல்ஐசி பாண்டு எல்லாம் ஆயுசுக்கும் வேண்டியவை. இவற்றை லேமினேட் செய்யாதீர்கள், ஓட்டை போடாதீர்கள், உறை வைத்த ஒரே ஃபைலில் போட்டு, முதல் பக்கத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கையால் எழுதி வையுங்கள். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது இன்ஷூரன்ஸ் தாளைத் தேடப்போவது அவர்தானே.

அடுத்தது வருஷக் கணக்குத் தாள்கள்: வீட்டு வரி ரசீது, ஸ்கூல் ஃபீஸ், மருந்து பில், சம்பளத்தில் பிடித்த வரிக்கு ஆபீஸில் தருகிற ஃபார்ம் 16. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கவர், மேலே வருஷத்தை எழுதினால் போதும். மாதவாரியாகப் பிரிக்கலாமே என்று ஆசை வரும், நானும் பிரித்தேன், இரண்டாவது மாதமே கைவிட்டேன். எங்கள் தாத்தா சுவரில் ஒரு வளைந்த கம்பியை மாட்டி, வருகிற ரசீதையெல்லாம் அதில் குத்திவிடுவார். புதுசு முன்னால், பழசு பின்னால், தேதி வரிசை தானாக வந்துவிடும். ரசீது வாசலிலிருந்து நேரே கம்பிக்குப் போனது, நடுவில் டிவி மேலேயோ சாப்பாட்டு மேஜையிலோ உட்காரவில்லை. அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

ஆவணங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ள மத்திய அரசு தருகிற டிஜிலாக்கர் 2015-லிருந்து இருக்கிறது. அரசுத் துறை அதில் நேரடியாகத் தருகிற ஆவணம் அசலுக்குச் சமம், ஆனால் நாமே ஸ்கேன் செய்து ஏற்றினதுக்கு அந்த மதிப்பு கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் அசலை அலட்சியமாகப் போட்டுவிடாதீர்கள். ஸ்கேனுக்குப் பெயர் வைக்கும்போது வருஷத்தை முதலில் போடுங்கள்: 2025-04-12-வீட்டுவரி. தேதி எண்ணை முதலில் போட்டால் எல்லா மாதத்து 12-ஆம் தேதியும் ஒன்றாகக் கூடிக்கொண்டு நிற்கும்.

ஆபீஸிலும் இதே வியாதிதான், காகிதத்துக்குப் பதில் வாட்ஸ்அப். "அண்ணா, அந்த கொட்டேஷன் அனுப்பிடுங்க" என்று வருவதை பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்போம், நீல டிக் விழும், அதோடு மறந்துபோகும். இதற்குப் பத்து ஆப் போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியில் நின்றது நாற்பது பக்க நோட்டு ஒன்று. யார் எதில் கேட்டாலும் வேலை அதில்தான் ஏற வேண்டும், கிளம்புவதற்கு முன் பத்து நிமிஷம் அதைப் பார்த்து நாளைக்கு முதலில் செய்ய வேண்டிய மூன்றை மட்டும் வட்டமிடுவேன். அப்புறம் ஃபைல் பெயரில் "ஃபைனல்" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். ஃபைனலுக்குப் பிறகு நியூ ஃபைனல், அதற்கும் பிறகு ஒரிஜினல் ஃபைனல் என்று வந்துகொண்டேதான் இருக்கும். 1, 2, 3 போதும்.

சரி, ஒரு தடவை அடுக்குவது சுலபம், இப்படியே வைத்திருப்பது எப்படி? தினமும் பத்து நிமிஷம் என்று தீர்மானம் போட்டால் நாலாம் நாள் படுத்துவிடும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். நம்மூரில் கரண்ட் கணக்கெடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்கள், பில் கட்டுகிற அன்றே அந்த இரண்டு மாதக் காகிதத்தையும் கவருக்குள் போட்டுவிடுவேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் வீட்டு வரி. சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அந்த நாளில் ஆயுசு ஃபைலையும் ஒருமுறை திறந்து, முதல் பக்கத்துப் பட்டியலோடு சரிபார்ப்பேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுகிற பழக்கம் மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் ஒழியவில்லை. முடிந்துபோன ஒரு கல்யாணப் பத்திரிகை அங்கே மூன்று மாதமாகத் தொங்குகிறது, எடுத்தால் அம்மா கோபித்துக்கொள்வார்.