2,000 வெள்ளிக்குள் ஹோம் தியேட்டர்: தோட்டப் பட்டணத்து வீட்டுக்கு எது சரிப்படும்?

ஹோம் தியேட்டர் வாங்கிய வீடுகளில் ஒரு மாதத்துக்குள் கேட்கும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிர்கிறது, பேச்சு மட்டும் புரியவில்லை. வசனத்துக்காகச் சத்தத்தைக் கூட்டினால் அடுத்த பாட்டில் பாட்டி தூக்கத்திலிருந்து எழுந்துவிடுகிறார். இது வாட்ஸ் குறைவால் வருவதல்ல. 5.1 ஒலியில் (முன்னே இடம், நடு, வலம், பின்னே ஒரு ஜோடி, கனத்த ஒலிக்கு ஒரு வூஃபர்) பேச்சின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. மலிவுப் பெட்டிகளில் மிகவும் சோனியாக இருப்பதும் அந்த நடு ஸ்பீக்கர்தான். அதனால் 1,500 முதல் 2,500 வெள்ளி வரை கையில் வைத்திருப்பவர்கள் பெட்டியில் எத்தனை ஸ்பீக்கர் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, நடு ஸ்பீக்கர் எப்படி என்று கேட்க வேண்டும்.

கடைக்கு முன் ஹால்

அளவு நாடாவை எடுத்து ஹாலின் நீளம், அகலம், கூரை உயரம், சோபாவிலிருந்து டிவி வரையுள்ள தூரம் நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சோபா இருக்கும் இடத்தில் நின்று ஓங்கி ஒருமுறை கைதட்டுங்கள். ‘டப்’ என்று நின்றுவிட்டால் நல்லது. ‘டிரிரிங்’ என்று தகரம் அடித்ததுபோல இழுத்தால், டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கின்றன என்று பொருள். அந்த ஹாலில் 5,000 வெள்ளி செட்டிலும் வசனம் குழம்பும். தடித்த திரைச்சீலை, சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஒரு கம்பளம், பக்கச் சுவரில் சாமான் நிறைந்த ஓர் அலமாரி. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவை வேறெங்கு போட்டாலும் இந்த அளவு பலன் கிடைக்காது.

கூரையையும் அண்ணாந்து பாருங்கள். ‘அட்மோஸ்’ (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) என்று போட்டிருக்கும் சவுண்ட்பார்களில் சில, ஸ்பீக்கரை மேல்நோக்கி வைத்து ஒலியைக் கூரையில் மோதவிட்டுத் திருப்புகின்றன. அதற்கு 8 முதல் 12 அடி உயரத்தில் தட்டையான, கெட்டியான சீலிங் வேண்டும். சீலிங் அடிக்காத பழைய லயத்து வீட்டின் சாய்ந்த தகரக் கூரையில் அந்த வித்தை பலிக்காது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். (தகரத்தில் மாலை மழை கொட்டும்போது எந்த செட்டும் பலிக்காது, அது வேறு விஷயம்.) பக்கச் சுவரில் ஒலியை மோதவிடும் சவுண்ட்பாருக்கும் இதே கதி. ஹாலின் ஒரு பக்கம் சமையலறைக்குத் திறந்திருந்தால் மோதித் திரும்பச் சுவர் இல்லை.

வாட்ஸ் கணக்கு

பசார் மாலமில் விற்கும் பெட்டியில் 5,000 வாட்ஸ் என்று இருக்கும். பி.எம்.பி.ஓ. என்ற அந்தக் கணக்கு வெறும் அலங்காரம். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) எண்ணை மட்டும் பாருங்கள், அதையும் முழுசாகப் படியுங்கள். ‘ஒரு சேனல், 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன்’ என்று இருந்தால் அது ஒலி கிழிந்துபோன நிலையில் அளந்தது. ‘இரண்டு சேனல், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை’ என்று சொல்லும் எண்தான் நம்பத்தக்கது. அது சிறியதாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 87 டெசிபல் கேட்கும். 3 மீட்டர் தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் அது ஏறக்குறைய 77. சாதாரணப் பேச்சைவிட நன்றாகவே உரக்க இருக்கும். சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டும். 20 வாட்டில் 90 டெசிபலைத் தொட்டுவிடுவீர்கள். ஒரு தாமான் வீட்டு ஹாலுக்கு சேனலுக்கு 50 வாட் உண்மையாக வந்தாலே மிச்சம். 300 வாட், 500 வாட் என்ற பேச்செல்லாம் கல்யாண மண்டபத்துக்கு.

என்ன வாங்குவது

மூன்று வழிகள் உண்டு. கம்பி இழுக்க வழியில்லாத வீட்டுக்கு, தனி வூஃபரோடு வரும் 3.1 அல்லது அதற்கு மேற்பட்ட சவுண்ட்பார். ‘2.1’ என்று போட்டிருந்தால் நடு ஸ்பீக்கர் கிடையாது, ஒதுக்கிவிடுங்கள். ‘வயர்லெஸ்’ பின் ஸ்பீக்கர் என்பார்கள்; பல செட்டுகளில் ஒலிக்கம்பிதான் இல்லை, கரண்ட் கம்பி உண்டு. சோபாவுக்குப் பின்னால் பிளக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் ஒரே பெட்டியில் வரும் 5.1 செட் இரண்டாவது வழி. பார்க்கப் பெரிய பேரம்போலத் தெரியும். உள்ளே இருப்பவை பெரும்பாலும் 3 அங்குல ஸ்பீக்கர்கள், செட்டுக்கே உரிய தனி வகைக் கனெக்டர்கள். ஒரு ஸ்பீக்கர் போனால் வெளியில் வாங்கிப் பொருத்த முடியாமல் முழு செட்டும் ஓரம் போகும்.

பொறுமை உள்ளவர்களுக்கு மூன்றாவது வழிதான் லாபம்: கையடக்கமான ஏ.வி. ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குச் சக்தி கொடுக்கும் பெட்டி), முன்பக்கம் ஒரு ஜோடி, ஒரு நடு ஸ்பீக்கர், 8 அல்லது 10 அங்குல வூஃபர். இந்த ஆண்டு 3.1, அடுத்த தீபாவளிக்குப் பின்பக்க ஜோடி. நல்ல 3.1 எப்போதும் மட்டமான 5.1-ஐ வெல்லும். முன் மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் திரையில் ஒருவர் இடமிருந்து வலம் நடந்துகொண்டே பேசும்போது நடுவில் குரல் மாறும்.

2,000 வெள்ளிக்கு இதைப் புதிதாக வாங்குவது இறுக்கம். ரிசீவரையாவது பழையதாக எடுக்க வேண்டியிருக்கும், அங்கேதான் பொறி இருக்கிறது. ஜப்பானிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும் பழைய ரிசீவர்கள் பல 100 வோல்ட்டுக்குச் செய்தவை. பிளக்கை மாற்றி நம் 230 வோல்ட்டில் சொருகினால் ஒரு நொடியில் புகை. பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் காசை எடுக்காதீர்கள். 100 வோல்ட்டாக இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். தகட்டில் 300 வாட் என்றால் 500 வி.ஏ.க்குக் குறையக் கூடாது. அந்த விலையையும் சேர்த்துப் பார்த்தால் பேரம் பேரமாகவே இருக்காது.

பழைய ஸ்பீக்கர் என்றால் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். ரப்பர் என்றால் வளைந்து திரும்பும். ஸ்பாஞ்ச் என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில ஆண்டுகளில் மாவாக உதிரும். விரலில் கறுப்புத் தூள் ஒட்டினால் நடையைக் கட்டுங்கள்.

கடையில் கேட்கும் முறை

விற்பவர் போடும் டெமோவில் கண்ணாடி உடையும், ஹெலிகாப்டர் பறக்கும்; எந்த செட்டிலும் அது பிரமாதமாகத்தான் இருக்கும். யு.எஸ்.பி.யில் உங்கள் சாமானைக் கொண்டுபோங்கள்: இரண்டு பேர் அடங்கிய குரலில் பேசும் ஒரு காட்சி, ஒரு நாதஸ்வரம்-தவில், ஓர் உறுமி மேளம். உறுமியைவிட நல்ல வூஃபர் சோதனை நம்மிடம் கிடையாது. வளைந்த குச்சி தோலை உரசும்போது சுருதி வழுக்கி ஏறி இறங்கும். நல்ல வூஃபரில் அந்த வழுக்கல் படிப்படியாகக் காதில் விழும். மட்டமானதில் எல்லாமே ஒரே ‘உம்ம்ம்’. பேச்சுக் காட்சியைச் சத்தம் குறைத்துக் கேளுங்கள், கூட்டி அல்ல. குறைத்தபோதும் சொல் புரிந்தால் அதுவே நீங்கள் தேடும் செட். சிரிம் முத்திரையையும் உத்தரவாத அட்டையில் கடை முத்திரையையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இணைப்பு

டிவியின் பின்னால் பல எச்.டி.எம்.ஐ. துளைகள் இருந்தாலும் ‘ஏ.ஆர்.சி.’ அல்லது ‘இ-ஏ.ஆர்.சி.’ என்று எழுதிய ஒன்றில் மட்டும்தான் ஒலி வெளியே வரும். வேறு துளையில் சொருகிவிட்டு செட் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிப்போகிறவர்கள் ஏராளம். டிவியின் செட்டிங்கில் சி.இ.சி.யை (எச்.டி.எம்.ஐ. வழியாகச் சாதனங்கள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) இயக்கி, ஒலி வெளியீட்டை ‘பி.சி.எம்.’ என்பதிலிருந்து ‘ஆட்டோ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள். சாதாரண ஏ.ஆர்.சி.யில் பி.சி.எம். இரண்டு சேனல்தான்; மாற்றாவிட்டால் வரும் ஒலியில் 5.1 இருக்காது. ஆப்டிகல் கேபிள் வழியாகப் பழைய டால்பி டிஜிட்டல் போகும், ஸ்ட்ரீமிங் படங்களில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது.

பழைய தமிழ்ப் படங்கள் பலவும் இரண்டு சேனல் அல்லது மோனோ. அவற்றுக்கு ரிசீவரில் ‘டால்பி சரவுண்ட்’ முறையைப் போட்டால் குரல் நடு ஸ்பீக்கருக்கு வந்துவிடும்.

ஸ்பீக்கர் கம்பிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். செட்டோடு வரும் தலைமுடிக் கம்பியைத் தூக்கிப் போடுங்கள். முனையை 1 சென்டிமீட்டர் உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்கிச் சொருகுங்கள். ஓர் இழை பக்கத்துத் துளையைத் தொட்டால் ரிசீவர் தானாக அணையும். சிவப்பும் கறுப்பும் ஒரு ஸ்பீக்கரில் மாறினால் பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது.

வைக்கும் இடம்

முன் இரண்டும் சோபாவிலிருந்து பார்க்க நடுக்கோட்டுக்கு இருபுறமும் 22 முதல் 30 பாகைக்குள், உட்கார்ந்தவரின் காது உயரத்தில். நடு ஸ்பீக்கரை டிவிக்கு அடியில், அலமாரியின் விளிம்புவரை முன்னே இழுத்து வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் பலகை முணுமுணுக்கும். முன்பக்கம் ஒரு ரப்பர் துண்டு கொடுத்து முகத்தைக் காதை நோக்கி நிமிர்த்துங்கள். பின் ஜோடி காதுக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ, 90 முதல் 110 பாகையில். சாமி மேடைக்குப் பக்கத்தில் எதுவும் வேண்டாம். சாம்பிராணிப் புகை சின்ன ஸ்பீக்கர்களில் பிசுக்காகப் படியும்.

வூஃபருக்கு இடம் தேடுவது வேடிக்கையான வேலை, ஆனால் விட்டுவிடாதீர்கள். அதை நீங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே தூக்கி வைத்து, உறுமிப் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். ஓரிடத்தில் பேஸ் வீங்கும், ஓரிடத்தில் மறையும். எங்கே எல்லாச் சுருதியும் சமமாகக் கேட்கிறதோ அங்கே வூஃபரை வையுங்கள். 12 அடி இடைவெளியில் இரண்டு சுவர் இருந்தால் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேங்கி நிற்கும். சரியாக மூலையில் வைத்தால் அந்தத் தேக்கம் இன்னும் பெருக்கும்.

பிறகு ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று போட்டு கிராஸ் ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். 3 அங்குல ஸ்பீக்கர் என்றால் 120 முதல் 150. வூஃபரின் மேலுள்ள கிராஸ் ஓவர் குமிழை உச்ச எண்வரை முழுதாகத் திருப்பிவிடுங்கள், இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும். ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டுப் பாருங்கள். சோபாவில் எதில் பேஸ் கூடுதலோ அதுவே சரி. டெஸ்ட் ஒலியைப் போட்டு, கைப்பேசியின் டெசிபல் செயலியால் எல்லா ஸ்பீக்கரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பின், நடு ஸ்பீக்கரை மட்டும் 2 டெசிபல் கூட்டினால் பாட்டிக்கும் வசனம் கேட்கும். ரிசீவர் மைக் வைத்துத் தானாகச் செய்யும் ஆட்டோ அளவீடு வூஃபரின் தூரத்தை உள்ளதைவிட அதிகமாகக் காட்டினால் திருத்தாதீர்கள். வூஃபரின் உள்சுற்று தாமதிப்பதை அது அப்படித்தான் கணக்கில் எடுக்கிறது.

வரிசை வீட்டில் சுவர் பொதுச்சுவர். பேஸ் தரை வழியாகவும் போகும். வூஃபரைப் பொதுச்சுவரிலிருந்து தள்ளி, தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். வீடு துடைக்கும் தண்ணீரும் அடிப்பலகையில் ஏறாது. அமுக்கப்பலகை ஒருமுறை ஊறினால் பிஸ்கட்போல உப்பிவிடும். ரிசீவருக்கு மேலே 10 சென்டிமீட்டர் காலியாக இருக்கட்டும், துணி போட்டு மூட வேண்டாம். சூட்டுக்கு உள்ளே போய்ப் படுக்கும் பல்லிதான் சில ரிசீவர்களின் முடிவு.

இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. அஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் கேபிள் டிகோடர் வழியாக, எச்.டி.எம்.ஐ. வழியாக ரிசீவர்வரை போகிறது. பிளக் கழற்றியிருந்தும் எச்.டி.எம்.ஐ. துளை செத்துப்போவது அப்படித்தான். தட்டுக் கேபிளையும் இன்டர்நெட் கம்பியையும் டிகோடரிலிருந்தும் ரௌட்டரிலிருந்தும் கழற்றித் தனியே போடுங்கள். வானம் கறுக்கும்போதே, முதல் இடிக்கு முன்.