‘நியோ’ விளையாட்டில் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4-க்காக வெளிவந்த வீடியோ விளையாட்டான ‘நியோ’, ஜப்பானில் செகிகஹாரா போர் நடந்த 1600-ஆம் ஆண்டைச் சுற்றி நிகழ்கிறது. அதே ஆண்டில் டச்சுக் கப்பல் ஒன்றில் க்யூஷூ தீவில் வந்து கரை சேர்ந்து, பின்னாளில் ஜப்பானின் ஆட்சியாளர் தோகுகவா இயேயாசுவின் ஆலோசகராக உயர்ந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸை அடியொற்றித்தான் டீம் நிஞ்சா நிறுவனம் தன் கதாநாயகனைப் படைத்து, யோகாய் எனப்படும் ஜப்பானியப் பேய் பூதங்களுக்கு எதிரே வாளோடு நிறுத்தியிருக்கிறது. ஆனால் முதல் தடவை விளையாடுபவருக்கு இந்த வரலாற்றை ரசிக்கும் நிதானம் வாய்ப்பதில்லை. இரும்புக் குண்டுகளைச் சங்கிலியில் கட்டிச் சுழற்றும் ஒன்ரியோக்கி என்ற முதல் பெரிய யோகாயிடமே அவர் பத்து இருபது முறை மடிந்துவிடுகிறார். அந்தத் தோல்விகளில் பெரும்பாலானவை கைவேகம் போதாமையால் வருவன அல்ல என்பதே என் கணிப்பு.

இதே வகைக் கடினமான வாள்சண்டை விளையாட்டான ‘டார்க் சோல்ஸ்’ விளையாடிப் பழகியவர்கள் இதையும் அவ்வாறே ஆட முயல்வது எல்லாவற்றுக்கும் மூலமான தவறு. அங்கே உடல்வலு தீர்ந்தால் பின்வாங்கி, கேடயத்தைத் தாழ்த்திக் காத்திருக்கலாம். இங்கே ‘கி’ எனப்படும் மூச்சாற்றல் தாக்கினாலும் தடுத்தாலும் விலகினாலும் குறைகிறது. அது அடியோடு தீர்ந்த நேரத்தில் அடி விழுந்தால், வில்லியம் மூச்சிரைத்து நின்றுவிட, எதிரி தன் வேலையை முடித்துவிடுவான். இதற்கு விளையாட்டு தரும் விடை காத்திருப்பது அல்ல. ஒவ்வொரு தாக்குதல் தொடரும் முடிந்தவுடன் உடலை நோக்கி நீல ஒளித்துகள்கள் திரண்டு வருகின்றன. அவை திரளும் தருணத்தில் ஆர்1 பொத்தானை அழுத்தினால் செலவான கி-யின் பெரும்பகுதி உடனே திரும்பிவிடுகிறது. கி பல்ஸ் என்ற இந்த ஒரு பழக்கத்தைப் பயிற்சிக் கட்டத்தில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு மறந்துவிடுபவர்களே மிகுதி. யோகாய் விட்டுச் செல்லும் கருநிறக் குட்டைகளில் நிற்கும்போது கி மீள்வது மிகவும் மந்தமாகிவிடும். அவற்றைக் கலைப்பதும் இதே கி பல்ஸ்தான். ஆகவே குட்டையைக் கண்டு ஓடுவதைவிட, அதற்குள் நின்று நாலு வெட்டு வெட்டி, சரியான நேரத்தில் ஆர்1 அழுத்தி அதைத் துடைத்துவிடுவதே பெரும்பாலும் பாதுகாப்பான வழி.

விளையாட்டின் பெயரிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றும். நியோ என்பவர்கள் ஜப்பானியப் புத்த ஆலய வாயில்களில் இணையாக நிற்கும் காவல் உருவங்கள்; நாரா நகரின் தோதாய்ஜி ஆலயத்துத் தெற்குப் பெருவாயிலில் 1203-இல் செதுக்கப்பட்ட மரச்சிலைகள் அவற்றுள் பெயர்பெற்றவை. ஒருவர் வாய் ‘ஆ’ எனத் திறந்திருக்கும், மற்றவர் வாய் ‘ஊன்’ என மூடியிருக்கும். இருவர் மனமொத்து இயங்குவதை ஜப்பானியர்கள் ‘ஆ-ஊன் மூச்சு’ என்பார்கள். வெட்டும் மீட்பும் அப்படி இணையும்போதுதான் இந்த விளையாட்டு வசப்படத் தொடங்குகிறது.

எதிரிக்கும் கி உண்டு என்பதை மறப்பது அடுத்த தவறு. உயிர்க்கோட்டை மட்டும் பார்த்து அடிப்பவர், அதன் கீழே உள்ள கி கோட்டைக் கவனிப்பதில்லை. யோகாயின் கி வற்றிய பிறகு விழும் ஒவ்வோர் அடியும் அதைத் தடுமாறச் செய்யும். அதுவரை அடிப்பது எல்லாம் அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்கான முதலீடு மட்டுமே. அதற்கேற்றாற்போல் ஆயுதத்தைப் பிடிக்கும் நிலைகளையும் மாற்ற வேண்டும். மேல்நிலை பலமாக வெட்டும், ஆனால் கி-யை விழுங்கும். கீழ்நிலை குறைவாகக் காயப்படுத்தினாலும் விலகுவதற்கு எளிது. நடுநிலையிலேயே முழு விளையாட்டையும் முடிக்க நினைப்பவர்கள் தாங்களே தங்கள் கையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

கவசத்தின் பாதுகாப்பு எண்ணை மட்டும் பார்த்து, கிடைத்ததிலேயே கனமானதை மாட்டிக்கொள்வது இன்னொரு பரவலான பிழை. அணிந்திருப்பவற்றின் எடை தாங்குதிறனில் 70 சதவீதத்தைத் தாண்டினால் சுறுசுறுப்பு ‘பி’ தரத்திலிருந்து ‘சி’ தரத்துக்கு இறங்கி, விலகும் ஒவ்வொரு முறையும் கூடுதல் கி செலவாகும். கனத்த கவசம் வேண்டுமென்றால், முதலில் அதைச் சுமக்கும் உடல்தகுதியை உயர்த்துங்கள்.

கொள்ளைப் பொருள்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு கட்டத்திலும் வாள்களும் கவசங்களும் மழையாகக் கொட்டும். தொடக்கத்தில் பிடித்துப்போன ஒரு வாளின் தரத்தை உயர்த்த, கொல்லர் தோமேயிடம் சேமித்த பணத்தையெல்லாம் கொட்டுவது வீண். அடுத்த கட்டத்திலேயே அதைவிடச் சிறந்தது தரையில் கிடக்கும்.

மாயவித்தையும் நிஞ்ஜா கலையும் தனக்கு வேண்டாம், வாளே போதும் என்று சொல்வதில் ஒரு வீராப்பு இருக்கிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் இருந்தேன். எதிரியின் அசைவை மந்தமாக்கும் ஓன்மியோ என்ற மாயவித்தைத் தாயத்து ஒன்றைப் பயன்படுத்திய பிறகுதான், அதுவரை கண்ணுக்கே பிடிபடாத தாக்குதல்களை நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது. காவல் ஆவியின் ஆற்றலை ஆயுதத்தில் ஏற்றும் உயிராயுத நிலையையும் இப்படித்தான் பலர் கஞ்சத்தனமாகச் சேமித்து, பயன்படுத்தாமலேயே மடிகிறார்கள். அந்த நிலையில் விழும் அடி உயிரைக் குறைக்காமல், ஆயுதத்தின் அளவுகோலைத்தான் குறைக்கும் என்பதால், ஆபத்து நெருங்கும்போது அது ஒரு கவசமும்கூட.

மடிந்தால், லெவலை உயர்த்தச் சேர்த்த அம்ரிதாவும் (நம் அமிர்தத்தின் வடசொல் மூலமேதான்) காவல் ஆவியும் விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். அவற்றை எடுக்கப் பதற்றத்தோடு ஓடி வழியிலேயே மறுபடி மடிவதுதான் அம்ரிதாவை முற்றாக இழக்கும் வழி. ஆவி உடனில்லாதபோது உயிராயுதமும் இல்லை என்பதால், முன்பு போன வேகத்தில் பாதி வேகத்தோடு அங்கே திரும்பிச் செல்வதே நல்லது. வழியெங்கும் செந்நிறத்தில் நிற்கும் பிற விளையாட்டுக்காரர்களின் கல்லறைகளை உடனே தொட்டு, மடிந்தவரை எதிரியாக எழுப்பிவிடாதீர்கள்; அவர் எந்த லெவலில், எதனால் மடிந்தார் என்று அங்கே எழுதியிருக்கும். உயரத்திலிருந்து விழுந்ததாக இருந்தால், சில அடிகள் தள்ளி ஒரு பள்ளம் காத்திருக்கிறது என்று பொருள்.

இறுதியாக நூரிகாபே என்ற சுவர் வடிவ யோகாய். வழியை அடைத்து நிற்கும் சாதாரணச் சுவர் என்று எண்ணி விலகிச் செல்பவர்கள் உண்டு; கண்கள் இருப்பதைப் பார்த்ததும் வாளை ஓங்குபவர்களும் உண்டு. க்யூஷூவின் வடகரையில் வழங்கிய கதைகளின்படி, இரவில் வழிப்போக்கரை மறிக்கும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத சுவரின் மேற்பகுதியை அடித்துப் பயனில்லை, கோலால் அடிப்பகுதியைத் தட்டினால் மறைந்துவிடும். விளையாட்டில் கோலுக்குப் பதில் சைகை: அதன் முன் நின்று வணங்கியோ கையசைத்தோ அதற்குப் பிடித்த ஒன்றைச் செய்தால் அது வழிவிடும், பிடிக்காததைச் செய்தால் மேலே பாயும்.