வெளிநாட்டில் கார் இன்சூரன்ஸ்: ஊரிலேயே செய்துவிட்டுப் போகும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் யாராவது ஒருவர் எப்போதும் கிளம்பிக்கொண்டே இருப்பார். ஒரு காலத்தில் ரங்கூன், பினாங்கு. இப்போது சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ. கிளம்புகிறவருக்கு ஆத்தா சீப்புச் சீடையும் தேன்குழலும் கட்டிக் கொடுப்பார். பாஸ்போர்ட்டும் பட்டச் சான்றிதழும் அவரே எடுத்து வைத்துக்கொள்வார். பத்து வருஷம் கீறல் விழாமல் கார் ஓட்டிய கணக்கு மட்டும் முகப்புத் திண்ணையிலேயே தங்கிவிடும்.

நானும் அப்படித்தான் போனேன். இங்கிலாந்தில் பழைய கார் ஒன்று வாங்கி, இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் ‘எத்தனை வருஷம் கிளைம் இல்லை’ என்ற கட்டத்தில் எட்டு என்று போட்டேன். அத்தாட்சி அனுப்பச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது, ஊரில் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான ரசீது ஒன்றுதான். எட்டைப் பூஜ்யமாகத் திருத்தி, பிரீமியத்தை ஏற்றி, புது பில் வந்தது. அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. நான் நன்றாக ஓட்டுவேன் என்பது எனக்கும் என் வீட்டுக்காரிக்கும்தான் தெரியும்.

பர்மாவுக்குப் போன செட்டிநாட்டு வட்டிக்கடை ஏஜென்டுகள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். மூன்று வருஷக் கெடு முடிந்தால் பேரேட்டை முடித்து, ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். நாம் விமானம் ஏறுமுன் கார்க் கணக்கை முடிப்பதில்லை. அங்கிருந்துதான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

பாலிசி யார் பேரில்?

இதை முதலில் சொல்லக் காரணம், நம் பக்கத்து வீடுகளில் இதுதான் அதிகம் நடக்கிறது. கார் அப்பச்சி (அப்பா) பேரில் இருக்கும், இல்லாவிட்டால் ஐயா (தாத்தா) பேரில். ஓட்டுவது மகனோ பேரனோ. பிள்ளையார்பட்டிக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் ஆயிரம் தடவை ஓட்டியவர் அவர்தான். ஆனால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பாலிசிதாரருக்கு உரியது. வண்டிக்கும் இல்லை, ஓட்டியவருக்கும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் பாலிசி எடுக்கும்போது யார் யார் ஓட்டப் போகிறார்கள் என்று பேர் கொடுக்க வேண்டும். நம் ஊர்த் தனியார் கார் பாலிசியில் பொதுவாக அப்படி ஒரு பட்டியலே கிடையாது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர் உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டலாம், அவ்வளவுதான். எனவே நீங்கள்தான் ஓட்டினீர்கள் என்பதற்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு வரிகூட இருக்காது. அப்பச்சி பாலிசியை அனுப்பி ‘நான் அவர் மகன்’ என்று எழுதினால் அங்கே யாரும் அசையமாட்டார்கள். போனஸைத் தந்தை இருக்கும்போதே மகனுக்கு மாற்றவும் முடியாது. அவர் காலத்துக்குப் பின் வாரிசாக அந்த வண்டி வந்தால்தான் கூடவே வரும்.

வெளிநாடு போகும் யோசனை இரண்டு மூன்று வருஷம் முன்பே இருந்தால், ஒரு பழைய ஆல்டோவாவது உங்கள் பேரில் வாங்கி, உங்கள் பேரில் பாலிசி போட்டு ஓட்டுங்கள். அதற்கு நேரம் இல்லையா, சரி, பூஜ்யத்தில் தொடங்குங்கள். இல்லாததை இருப்பதாக எழுதாதீர்கள். இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டின் நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டப்படி, விண்ணப்பத்தில் தவறான தகவல் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தெரிந்தே பொய் எழுதியது தெரிந்தால் பாலிசியையே ரத்து செய்து, கிளைமைக் கைகழுவ அவர்களுக்கு உரிமை உண்டு.

50 சதவீதம் என்றால் எத்தனை வருஷம்?

நம் ஊரில் போனஸ் இப்படி ஏறும்: கிளைம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், இரண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதற்கு மேல் ஏறாது. இந்தத் தள்ளுபடி சொந்தச் சேத (நம் வண்டிக்கு வரும் சேதம்) பிரீமியத்துக்கு மட்டும்தான், மூன்றாம் நபர் (நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் இழப்பு) பிரீமியத்துக்குக் கிடையாது. சிங்கப்பூரில் வருஷத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் வருஷம் 50. மலேசியாவில் 25, 30, 38.33, 45, 55 என்று அது ஒரு தனிக் கணக்கு. இங்கிலாந்தில் முதலில் கேட்பது சதவீதத்தை அல்ல, வருஷத்தை.

ஊர்க் கிளையில் போய்க் கேட்டால் கொடுக்கும் சான்றில் ‘50 சதவீதம்’ என்றுதான் இருக்கும். அது ஐந்து வருஷமாகவும் இருக்கலாம், பதினைந்தாகவும் இருக்கலாம். படிக்கிறவர் ஐந்து என்று எடுத்துக்கொண்டாலே நல்ல மனசு. ‘சான்று கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். என்ன எழுத வேண்டும் என்று நீங்களே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுபோங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், வண்டி எண், பாலிசி எண்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை காப்பீடு இருந்தது, அதில் சொந்தச் சேதக் கிளைம் எத்தனை, மூன்றாம் நபர் கிளைம் எத்தனை, முடிவில் போனஸ் எவ்வளவு. கம்பெனியின் தலைப்புத் தாளில், கையெழுத்து, முத்திரையோடு, கிளையின் அலுவலக ஈமெயில் முகவரியும் இருக்க வேண்டும். அங்கிருந்து சரிபார்த்துக் கேட்டால் அந்த ஈமெயிலுக்குத்தான் கேட்பார்கள். ஏஜென்டின் சொந்த ஜிமெயில் உதவாது.

மூன்றாம் நபர் கிளைமைத் தனியாக எழுதச் சொல்வது ஏன் என்று கேட்கலாம். நம் ஊரில் மூன்றாம் நபர் கிளைம் வந்தாலும் போனஸ் குறையாது. திருப்பத்தூர் ரோட்டில் ஒரு மொபெட்டில் மோதி, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்வரை கேஸ் போயிருந்தாலும், சொந்த வண்டிச் சேதத்துக்குக் கிளைம் கேட்காதவரை 50 சதவீதம் அப்படியே நிற்கும். வெளிநாட்டுக் கம்பெனி கேட்பது அதை அல்ல. விபத்து ஏதும் உண்டா, கிளைம் ஏதும் உண்டா என்று. ‘போனஸ் முழுசாக இருக்கிறதே’ என்று ‘இல்லை’ எழுதுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். போனஸ் பாதுகாப்பு என்று கூடுதல் காசு கட்டி எடுக்கும் வசதியும் அப்படித்தான். கிளைம் வாங்கினாலும் சதவீதம் குறையாமல் அது காப்பாற்றும். ஆனால் கிளைம் வாங்கியதை அது அழித்துவிடாது.

வருஷா வருஷம் மலிவாகக் கிடைக்கும் கம்பெனிக்கு மாறுகிற பழக்கம் உண்டென்றால், கடைசிக் கம்பெனிக்குத் தன் வருஷத்துக் கணக்குத்தான் நேரடியாகத் தெரியும். மற்றவற்றுக்குப் பழைய பாலிசிகள்தான் சாட்சி. அதற்காகவாவது அவற்றை ஆயுதபூஜைச் சுத்தத்தில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பேரில் ஒரு சிக்கல்

இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-இல் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள ‘சிடி’ இரண்டு எழுத்து சேர்ந்த ஒரே இனிஷியல். நமக்கு அதில் பாட்டன், முப்பாட்டன் எல்லாம் தெரிவார்கள். லண்டன் கணினிக்கு எழுத்துப் பிழையாகத்தான் தெரியும். ஆர்சி புத்தகத்தில் இரண்டு இனிஷியல், லைசென்ஸில் மூன்று, பாஸ்போர்ட்டில் அப்பச்சி பேர் முழுசாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். சான்றிலேயே பாஸ்போர்ட் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்க்கச் சொல்வது எளிய வழி. முடியாவிட்டால் நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை விற்கும்போது

கிளம்பும் வாரத்தில் தரகரிடம் சாவியையும், கையெழுத்துப் போட்ட பேர் மாற்றப் படிவங்கள் 29, 30-ஐயும் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது இங்கே சகஜம். ஆறு மாசம் கழித்தும் ஆர்சி உங்கள் பேரிலேயே இருக்கும். புதுக்கோட்டையில் யாரோ ஓட்டுவார், அபராதச் செலான் உங்கள் மொபைலுக்கு வரும். அதைவிடப் பெரிசு, வண்டியை விற்றாலும் போனஸ் உங்கள் பேரிலேயே நிற்கிறது என்று கம்பெனி தரும் கடிதத்துக்கு வண்டி கைமாறியதற்கான அத்தாட்சி வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் கம்பெனி கடிதம் தராது. எனவே ஒரு மாசம் முன்பே விற்று, பேர் மாற்றி, கடிதம் வாங்கிவிட்டு, கடைசி மாசம் தம்பி வண்டியில் சுற்றுங்கள்.

விற்பதற்கு முன் பம்பரை மாற்றிக்கொள்ளலாமே என்று சின்னக் கிளைம் போடும் ஆசையும் வரும். ஏழாயிரம் ரூபாய்ப் பம்பருக்கு ஐந்து வருஷப் போனஸைப் பலி கொடுக்காதீர்கள். ஒரே ஒரு சொந்தச் சேதக் கிளைம் போதும், பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

விற்காமல் வீட்டில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் பாலிசியைப் புதுப்பிக்க மறந்தால், காலாவதியாகி 90 நாளில் போனஸ் போய்விடும். வெளிநாட்டிலும் கெடு உண்டு: இங்கிலாந்தில் பெரும்பாலான கம்பெனிகள் கடந்த இரண்டு வருஷத்துக்குள் சம்பாதித்த போனஸைத்தான் கணக்கில் எடுக்கும். அதுவும் வெளிநாட்டுப் போனஸை எல்லாரும் ஏற்பதில்லை. ஏற்கிறவர் யார் என்று கார் வாங்கும் முன் நாலைந்து இடத்தில் கேளுங்கள், ஒரு புரோக்கரிடமும் கேளுங்கள்.

லைசென்ஸ் விஷயம்

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரி; ஒரு வருஷம் செல்லும். நீங்கள் எத்தனை வருஷம் எப்படி ஓட்டினீர்கள் என்று அதில் ஒன்றும் இருக்காது. அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் லைசென்ஸ் பதிவின் நகல் வாங்க வேண்டும். கார் வகுப்பு எந்தத் தேதியில் சேர்ந்தது என்று அதில் பாருங்கள். பதினெட்டு வயதில் புல்லட்டுக்கு எடுத்த லைசென்ஸ் வருஷங்கள் கார் அனுபவத்தில் சேராது.

இங்கிலாந்தில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். நம் லைசென்ஸை நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துத் தேர்வும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் முடித்தே ஆக வேண்டும். பதினோராவது மாசம் பதறாமல் முதல் மாசமே தேதி போடுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் பழைய அனுபவத்தை நிரூபித்தால் முழு லைசென்ஸ் தேர்வுக்கான காத்திருப்புக் காலம் குறையும், அதற்கும் அத்தாட்சிக் கடிதம் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய லைசென்ஸ் காலாவதியாவதையும் கவனியுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் விட்டால் மறுபடி தேர்வு. நாற்பது வயதில் மறுபடி எட்டு போடுவது அவ்வளவு கௌரவமாக இருக்காது.

திரும்பி வருகிறவர்களுக்கு

இது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டில் சம்பாதித்த போனஸை இங்கே கொண்டுவர இந்திய மோட்டார் டாரிஃப் என்ற வாகன இன்சூரன்ஸ் விதித் தொகுப்பிலேயே இடம் உண்டு. அங்கே பாலிசி முடிந்து மூன்று வருஷத்துக்குள் இங்கே வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுத்து, அந்த ஊர்க் கம்பெனியின் கடிதத்தைக் காட்ட வேண்டும்.

நான் காரைக்குடிக்குத் திரும்பியபோது அந்தக் கடிதத்தை மறக்காமல் கையோடு கொண்டுவந்தேன். ஏஜென்ட் அண்ணன், ‘அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாதே தம்பி’ என்றார். விதியை மொபைலில் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் ஏற்றி இரண்டு தடவை படித்தார். மேலிடத்தில் கேட்டுவிட்டு, மறுநாள் போன் செய்து கடிதத்துக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டார். மூன்று எடுத்து வைத்திருந்தேன்.