கீழாநெல்லியா, அதன் உறவுக்காரச் செடியா? பிரித்தறியும் முறை

கீழாநெல்லி என்று பிடுங்கப்படும் செடிகளில் குறைந்தது நான்கு சிற்றினங்கள் கலந்து கிடக்கும். நான்கும் ஃபிலாந்தஸ் என்ற ஒரே பேரினம். முழங்காலுக்குக் கீழ் உயரம், புளிய இலை போன்ற தோற்றம், கிளையின் அடியில் வரிசையாகக் கடுகளவு காய் என்று எல்லாம் ஒத்துப்போகும். இலையை மட்டும் பார்த்தால் தவறுவது உறுதி. காயின் அடியையும் விதையின் முதுகையும் பார்த்தால் பெரும்பாலும் தவறாது.

தேவையானவை: பத்து மடங்கு லென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், ஊசி, வெள்ளைத் தாள், சிறு காகித உறைகள். பூதக்கண்ணாடி போதாது, விதை ஏறக்குறைய 1 மி.மீ. தான் இருக்கும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை அதன் அருகே கொண்டுவாருங்கள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

1. முழுச்செடியாக எடுங்கள்

வேரோடு, பூவும் முற்றிய காயும் உள்ள செடியாக இருக்கட்டும். ஒரே இடத்தில் ஐந்தாறு செடிகளைப் பாருங்கள். இரண்டு சிற்றினங்கள் பக்கத்தில் பக்கத்தில் முளைப்பது சாதாரணம், ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள். இலைகளைச் செடி நிற்கும்போதே பார்த்து எழுதிவிடுங்கள். பறித்த சிறிது நேரத்தில் அவை மடங்கிக்கொள்ளும், பொழுது சாய்ந்தாலும் மடங்கும். காய் இல்லாத இளஞ்செடியாக இருந்தால் பேர் வைக்காதீர்கள். சில வாரம் கழித்து அதே இடத்துக்குப் போவதுதான் சரி.

2. கிளை அமைப்பு

பலர் முதலில் தடுமாறுவது இங்கேதான். கீழாநெல்லியின் பக்கக்கிளை, ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட ஒரு கூட்டிலை போலத் தெரியும், ஆனால் அது கூட்டிலை அல்ல. சிற்றிலையின் கக்கத்தில், அதாவது இலை காம்போடு சேரும் மூலையில், மொட்டு வராது. இங்கே ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் பூ இருக்கிறது. ஆகவே அவை தனித்தனி இலைகள், அவற்றைத் தாங்கும் காம்பு ஒரு கிளை.

அடுத்து நடுத்தண்டைப் பாருங்கள். அதில் முழு இலை இல்லாமல் சிறு செதில்கள் மட்டும் இருந்து, இலைகள் எல்லாம் மெல்லிய பக்கக்கிளைகளில் இரு வரிசையாக நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். நடுத்தண்டிலும் முழு இலைகள் சுற்றிச் சுற்றி அமைந்து, இலை அடியில் குறுகி நுனியில் அகன்று ஆப்பு வடிவில் இருந்தால், அது மேலாநெல்லி, ஃபிலாந்தஸ் மதராஸ்பதென்சிஸ். அதற்கு விதை வரை போகத் தேவையில்லை.

3. காயின் மேற்பரப்பு

லென்ஸில் காயைத் திருப்பிப் பாருங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாக, சிறு முண்டுகளோடு இருந்து, காய்க்குக் காம்பே இல்லாததுபோலக் கிளையில் ஒட்டியிருந்தால் அது ஃபிலாந்தஸ் யூரினாரியா. காய் வழவழப்பாக, 1–2 மி.மீ. காம்பில் தொங்கினால் மற்றவற்றுள் ஒன்று. மிக இளம் காயில் முண்டுகள் தெளிவாகத் தெரியாமல் போகலாம், ஆகவே கிளையின் அடிப்பகுதியில் உள்ள முற்றிய காயைத் தேர்ந்தெடுங்கள்.

யூரினாரியாவைச் சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள். அந்தச் சிவப்பை நம்ப வேண்டாம். வெயிலில் நின்றால் மற்றவற்றின் தண்டும் சிவக்கும். நிழலில் யூரினாரியா பச்சையாகவே நிற்கும்.

4. இதழ் எண்ணிக்கை

இதுதான் முக்கியமான படி. பெண்பூவின் இதழ்கள் காய் முற்றும்வரை உதிராமல் அடியில் தட்டுபோல நிற்கும். மலர்ந்த பூவைத் தேடி அலைய வேண்டாம். காயைக் கவிழ்த்து எண்ணுங்கள்.

ஐந்து இதழ் என்றால் ஃபிலாந்தஸ் அமாரஸ், கீழாநெல்லி என்று பொதுவாகச் சொல்லப்படும் செடி. ஆறு என்றால் ஃபிலாந்தஸ் ஃப்ராடெர்னஸ் அல்லது ஃபிலாந்தஸ் டெபிலிஸ். ஒரு காயோடு நிறுத்தாதீர்கள். ஒரே செடியிலும் எண்ணிக்கை சற்று மாறுவதுண்டு. பல கிளைகளிலிருந்து பத்துக் காயாவது எண்ணி, பெரும்பான்மையைக் கொள்ளுங்கள். மகரந்தத்தாள்களைப் பிரித்துப் பார்க்க நேரம் செலவிட வேண்டாம். மேலே சொன்ன எல்லாவற்றிலும் பொதுவாக மூன்று தாள்கள் இணைந்தே இருக்கும், பிரித்தறிய உதவாது.

5. ஆண்பூ எங்கே, பெண்பூ எங்கே

ஒரு கிளையை அடியிலிருந்து நுனிவரை கக்கம் கக்கமாகப் பாருங்கள். அமாரஸில் பெரும்பாலான கக்கங்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தே இருக்கும். ஃப்ராடெர்னஸில் அடிக்கக்கங்களில் ஆண்பூ, மேலே பெண்பூ. யூரினாரியாவில் நேர்மாறு: காய் அடியில், ஆண்பூ நுனிப்பக்கம்.

டெபிலிஸும் ஃப்ராடெர்னஸைப் போலவே பூக்கும், ஆகவே இந்த இரண்டுக்கு மட்டும் இலைக்குத் திரும்ப வேண்டும். டெபிலிஸ் இலை இருமுனையிலும் குறுகும். ஃப்ராடெர்னஸ் இலை நீள்சதுரமாக, நுனி மழுங்கியிருக்கும். சந்தேகம் வரும் இணை இதுதான்.

6. விதை

முற்றிய காய்களை உறையிலிட்டு ஒட்டி வையுங்கள். திறந்த தட்டில் வைத்தால் உலர்ந்ததும் வெடித்து விதை தெறித்துவிடும். ஒரு காயில் மூன்று அறை, ஆறு விதை. ஆரஞ்சுச் சுளை வடிவிலான விதையின் வளைந்த முதுகைப் பக்கவெளிச்சத்தில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் வரிகள் மறைந்துவிடும்.

நீளவாக்கில் வரிகள் இருந்தால் அமாரஸ், ஃப்ராடெர்னஸ் அல்லது டெபிலிஸ். குறுக்குவாக்கில் மேடுபள்ளமாக இருந்தால் யூரினாரியா. வரி இல்லாமல் சிறு புள்ளிமுண்டுகளாக இருப்பது ஃபிலாந்தஸ் நிரூரி. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பழைய இந்தியத் தாவர நூல்களில் நிரூரி என்று எழுதப்பட்டது அமாரஸ், ஃப்ராடெர்னஸ், டெபிலிஸ் மூன்றின் கலவை என்று 1985இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனாலும் மருந்துப் பொட்டலங்களில் அந்தப் பெயர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் நிரூரி என்று போட்டிருக்கும் படத்தை ஒப்பிட எடுத்தால் முதல் படியிலேயே வழி தப்பும்.

7. பெயர் எழுதுவது

லத்தீன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து, சிற்றினம் முழுக்கச் சிறிய எழுத்து, இரண்டும் சாய்வெழுத்து. பெயரிட்டவர் பெயர் பின்னால், நேர் எழுத்தில்: அமாரஸுக்கு ஷூமாக்கர், தொன்னிங் (1827), ஃப்ராடெர்னஸுக்கு வெப்ஸ்டர் (1955). ஏற்கப்பட்ட பெயரா, இணைப்பெயரா என்பதைக் கியூ தாவரவியல் பூங்காவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் சரிபாருங்கள். பழைய நூல்களில் இச்செடிகள் ஆமணக்குக் குடும்பத்தில் இருக்கும்; இப்போது ஃபிலாந்தேசியே தனிக் குடும்பம்.

மேலே சொன்ன அடையாளங்களில் மற்றவை பொருந்தி ஒன்று மட்டும் இடித்தால், பெயரின் நடுவே 'சி.எஃப்.' சேருங்கள், 'இதனோடு ஒப்பிடுக' என்று பொருள். பேரினம் மட்டும் உறுதியானால் 'ஃபிலாந்தஸ் எஸ்பி.' போதும். மருந்துக்காகப் பறிப்பவர்கள் அந்த நிலையில் உள்ள செடியைத் தொடவே வேண்டாம்.

செடியைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்துங்கள். முதல் மூன்று நான்கு நாள் தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், இலையும் உதிரும். தேதி, இடம், மண், உயரம், இதழ் எண்ணிக்கை, எத்தனை காயில் எண்ணினீர்கள் என்பதைச் சீட்டில் எழுதி, விதை உறையையும் அதே தாளில் ஒட்டிவையுங்கள்.