கை ஓடுகிறது, கால் நிற்கிறது: டிரம்ஸ் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரியம்மன் நோம்பிக் கச்சேரிகளிலும் தேவாலயப் பாடற்குழுக்களிலும் வாசிக்கும் ஆசையோடு டிரம்ஸ் கற்க வரும் பிள்ளைகளில் பலர், சில மாதங்களிலேயே சிங்கிள் ஸ்ட்ரோக் ரோல் (கைக்கு ஓர் அடியாக மாற்றி மாற்றி), டபுள் ஸ்ட்ரோக் ரோல் (கைக்கு இரண்டிரண்டு அடியாக), பாராடிடில் (இரண்டையும் கலந்து) ஆகியவற்றை ரப்பர் பேடின் மீது நல்ல வேகத்தில் வாசித்துவிடுகிறார்கள். அதே பிள்ளையை முழு டிரம்ஸ் செட்டின் முன் அமர்த்தி, கை பாராடிடிலை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கால் தாளத்தின் ஒவ்வொரு தட்டிலும் பேஸ் டிரம் எனப்படும் பெரிய டிரம்மின் பெடலை மிதிக்க வேண்டும் என்று சொன்னால், முதலில் கால் தடுமாறுகிறது. பிறகு அது கையையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இதற்குக் காரணம் பாடத்திலேயே இருக்கிறது. ரூடிமெண்ட் எனப்படும் இந்த அடிப்படைப் பாடங்கள் படையணியினர் உடலில் தொங்கவிட்டு வாசித்த டிரம்மிலிருந்து வந்தவை. லுட்விக் சகோதரர்கள் சிகாகோவில் வேகமான பேஸ் டிரம் பெடலைச் செய்து விற்கத் தொடங்கியது 1909-இல்தான். ரூடிமெண்டுகளோ அதற்கு மிகவும் முற்பட்டவை. 1933-இல் அமெரிக்க டிரம் கலைஞர்கள் இன்றியமையாதவை என்று வகுத்த 13 பாடங்களும், பிற்பாடு 26 ஆகி, 1984-இல் தாளவாத்தியக் கலைஞர்களின் சங்கமான பெர்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 40 ஆக விரித்த பட்டியலும் இரண்டு கைகளுக்கு மட்டுமே உரியவை. காலுக்கான வேலையை அவற்றில் நாமேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே, கை நன்றாகப் படிந்த பிறகு காலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதே முதல் தவறு. சென்னிமலையிலோ பவானியிலோ குழித்தறியில் அமர்ந்து நெய்பவரைப் பார்த்தால் இது விளங்கும். கால் மிதிகட்டையை அழுத்திப் பாவு இழைகளைப் பிரித்து வழிவிட்ட பிறகே, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா ஊடே போக முடியும். கால் பிந்தினால் நாடா இழைகளில் சிக்கும். நாடா எறிவதை மட்டும் ஓராண்டு பழகிவிட்டு மிதிப்பதைப் பிறகு கற்றுக்கொள் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. டிரம்ஸிலும் முதல் நாள் முதலே, வலது கால் ஒவ்வொரு தட்டிலும் பேஸ் டிரம்மையும், இடது கால் இரண்டாவது, நான்காவது தட்டுகளில் ஹை-ஹாட் எனப்படும் இரட்டைச் சிம்பலையும் மிதித்துக்கொண்டிருக்க, அதன் மேல் கைப்பாடம் நடக்க வேண்டும். வேகம் பாதியாகக் குறையும், குறையட்டும்.

ஆனால் தறிக்கும் டிரம்ஸுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தறியில் காலும் கையும் முறைவைத்து இயங்குகின்றன; இங்கே இரண்டும் ஒரே கணத்தில் விழ வேண்டும். நான் கேட்டவரை மாணவர்கள் கவனிக்காமலே விட்டுவிடும் பெரிய தவறு இதில்தான் இருக்கிறது. பெடலின் சுத்தி தோலைத் தொடுவதற்குச் சற்றுத் தூரம் பயணம் செய்ய வேண்டும். குச்சியோ இரண்டு அங்குல உயரத்திலிருந்துகூட விழும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் கை முந்திக்கொண்டு, 'டப்' என்று ஒலிக்க வேண்டியது 'டடப்' என்று ஒலிக்கும். கை ஓயாமல் ஓடும்போது வாசிப்பவரின் காதுக்கு இந்தப் பிசிறு தெரிவதில்லை. கைப்பேசியை ஐந்தடி தள்ளி வைத்து ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து கேட்டால் உடனே தெரிந்துவிடும். கால் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த அளவு முந்திப் புறப்பட்டாக வேண்டும் என்பதை விளக்கிச் சொல்லிப் புரியவைக்க இயலாது. மெதுவாக வாசித்துக் கேட்டுக் கேட்டுத்தான் உடம்பு அதைக் கற்றுக்கொள்கிறது.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறும் உண்டு. ஒரு தட்டுக்கு நான்கு அடியாக சிங்கிள் ஸ்ட்ரோக் ரோலை வாசிக்கும்போது தட்டின் தலையில் எப்போதும் வலது கையே விழுகிறது. ஆகவே கால் வலது கையோடு மட்டும் சேர்ந்து பழகிவிடுகிறது. பாராடிடில் 'வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது' என்று மாறுவதால், அடுத்த தட்டில் அதே கால் இடது கையோடு சேர வேண்டும். பிசிறு பெரும்பாலும் அங்கேதான் தட்டுகிறது. எல்லாப் பாடங்களையும் இடது கையில் தொடங்கியும் வாசிப்பதே இதற்கு மருந்து. வாசிக்கும்போது 'தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு 'த'வும் காலோடு விழுகிறதா என்று பார்ப்பதற்கு அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கும் கெட்ட பழக்கமும் அதோடு போய்விடும்.

வேகத்தைக் கையின் கணக்கில் கூட்டுவதும் தவறே. தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்தால் நொடிக்கு நான்கு அடிகள் வரும். இரண்டு நிமிடம் கால் பிசகாமல் நின்றால் மட்டும் 64-க்குப் போகலாம். பல்லடம் பக்கத்துப் பையன் ஒருவன், வீட்டை ஒட்டிய விசைத்தறியின் ஓசைக்கே வாசித்துப் பழகுவதாகப் பெருமையாகச் சொன்னான். தறி யாருக்காகவும் நிற்காது என்பது நல்லதுதான். ஆனால் அதன் வேகத்தைக் குறைக்க அவனால் முடியாதே!

இருக்கை தாழ்ந்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருந்தால் மிதிக்கும்தோறும் முதுகு வளையும். இடுப்பு சற்று உயர்ந்திருக்கட்டும். சத்தத்திற்கு அஞ்சிப் பெடல் இல்லாமல் வெறும் தரையைத் தட்டிப் பழகுவோருக்குப் பெடலின் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் விசை பழகுவதில்லை; பேஸ் டிரம்முக்குள் ஒரு பழைய ஜமக்காளத்தை மடித்து வைத்தால் சத்தம் வெகுவாகக் குறையும்.

இவையெல்லாம் நேரான பிறகு, பாராடிடிலில் வலது கைக்குரிய அடிகளை முழுவதும் வலது காலுக்கு மாற்றி, 'கால் கை கால் கால், கை கால் கை கை' என்று வாசிக்கலாம். அடுத்தடுத்து வரும் இரண்டு கால் அடிகளில் இரண்டாவது அடி முதலில் மெலிந்தே ஒலிக்கும். அப்போது மெட்ரோனோமை 50-க்கு இறக்கிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை.